பிராஞ்சு பற்றி ஒரு பொதுக்கூட்டம்

நான் மைக் செட் வைத்திருந்தேன். ஒரு ஆம்ப்ளிஃபயர், இரண்டு குழாய் ஸ்பீக்கர், ஒரு மைக், மூட்டையாக வயர். காஞ்சிபுரத்தில் அந்தக் காலத்தில் மைக்குக்கு ஓய்வு கிடையாது. பொழுது சாய்ந்தால் ஏதாவது ஒரு மூலையில் யாராவது பேசிக்கொண்டு இருப்பார்கள். கோயில் மண்டபத்தில் உபன்யாசம், தேரடியில் கட்சிக்கூட்டம். மற்றவர்கள் பேச்சைக் கேட்டுக் கேட்டு என் பேச்சு குறைந்துபோனது. படிப்பு அஞ்சாங்கிளாஸ். எழுத்துக்கூட்டி நோட்டீஸ் படிப்பேன். தொழிலுக்கு அது போதும்.

அப்போதுதான் பாண்டிச்சேரி சார் வந்தார். ரிடையர் ஆன வாத்தியார். வெள்ளை பேண்ட், வெள்ளைச் சட்டை, கையில் ஒரு தகரப் பெட்டி. பெட்டிக்குள் சிலைடு. பாண்டிச்சேரியில் ஒரு சங்கம் இருந்தது. வெள்ளைக்காரர்களில் பாண்டிச்சேரியை ஆண்டவர்கள் இருந்தார்களே, அவர்கள் நாட்டுக் கலை, சரித்திரம், கலாசாரம் எல்லாவற்றையும் ஊர் ஊராகப் போய்ச் சொல்லச் சொல்லி அந்தச் சங்கம் சாரை அனுப்பியது. எங்கள் ஊரில் மாசம் ஒரு கூட்டம். ஒரு பள்ளிக்கூடத்து ஹாலைக் கேட்டு வாங்கியிருந்தார்கள். மைக்குக்கு நான். சிலைடு மிஷினில் படம் மாற்றவும் நான்தான்.

முதல் கூட்டத்தில் பெஞ்சு நிறைய இருந்தது. ஆள் இல்லை. அந்தப் பள்ளிக்கூடத்து வாத்தியார்கள் கொஞ்சம் பேர், ஒரு வக்கீல், கதவைப் பூட்டுவதற்காகக் காத்திருந்த வாட்ச்மேன்.

நான் பார்த்த பேச்சாளர்கள் மைக்கைக் கழுத்தைப் பிடிப்பதுபோல் பிடிப்பார்கள். சார் மைக்கைக் கண்டால் இரண்டடி பின்னால் போவார். முட்டுகிற மாட்டைப் பார்ப்பதுபோல் அதைப் பார்ப்பார்.

"கிட்ட வாங்க சார்."

"கேக்கலையா தம்பி?"

"எனக்கே கேக்கலை சார்."

ஒரு படத்தைத் தலைகீழாகப் போட்டுவிட்டேன். வக்கீல் தலையை ஆட்டிக்கொண்டு பார்த்தார். சாரும் அதைப் பற்றிக் கொஞ்ச நேரம் பேசினார். அப்புறம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "தம்பி, மரத்துக்கு மேல ஆறு ஓடுது, கொஞ்சம் பாருங்க" என்றார்.

எனக்கு அவரைப் பிடித்துப்போனது. கோபம் இல்லாத மனுஷன். சொல்லுகிற விஷயமும் நன்றாகத்தான் இருந்தது. கேட்கத்தான் ஆள் இல்லை.

இரண்டாவது கூட்டத்துக்கு வக்கீலும் வரவில்லை. வந்த வாத்தியார்களும் பாதியில் ஒவ்வொருத்தராக எழுந்து போனார்கள். குனிந்து, சத்தம் வராமல், மரியாதையாகத்தான் போனார்கள். கடைசியில் நான், சார், வாட்ச்மேன். சார் நிறுத்தாமல் முழுசாகப் பேசி முடித்தார். "நன்றி" என்று சொல்லிக் கும்பிட்டார். வாட்ச்மேன் திருப்பிக் கும்பிட்டார்.

வயரைச் சுற்றி முடித்து இரண்டு பேரும் டீக்கடைக்குப் போனோம். சார் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்.

"தம்பி, அடுத்த மாசம் எங்க மதாம் வராங்க."

"யாரு சார்?"

"சங்கத்துத் தலைவி. அந்த நாட்டு அம்மா. இங்க கூட்டம் வருதான்னு பாக்க வராங்க. ஹால் காலியா இருந்தா காஞ்சிபுரத்தை நிறுத்திடுவாங்க. மத்த ஊரெல்லாம் ஏற்கனவே நிறுத்தியாச்சு. இதுதான் பாக்கி."

"நிறுத்திட்டா நீங்க இன்னா பண்ணுவீங்க?"

"வீட்டுல ஒரு நாற்காலி இருக்கு. அதுல உக்காந்துக்குவேன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நான் டீயைக் குடித்துவிட்டுச் சொன்னேன்.

"நோட்டீசு ஒட்டினா இந்த ஊர்ல ஆள் வராது சார். வண்டியில குழாய் கட்டிச் சொல்லணும். டவுன்ல மட்டும் போதாது. சுத்துப்பட்டும் போகணும்."

"என்ன சொல்லணும்?"

"நீங்க எழுதிக் குடுங்க. நான் படிக்கறேன்."

அங்கேயே ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். நோட்டீசில் அச்சாபீஸ்காரர் 'பிரெஞ்சு' என்று போட்டிருந்தார். அந்தச் சொல் எங்கள் பக்கத்தில் யார் வாயிலும் நுழையாது. சார் பாண்டிச்சேரிக்காரர். அங்கே ஜனங்கள் எப்படிச் சொல்லுவார்களோ அப்படியே எழுதினார். 'பிராஞ்சு கலை, பிராஞ்சு சரித்திரம், பிராஞ்சு கலாசாரம் பற்றிப் பொதுச் சொற்பொழிவு. அனைவரும் வருக.' எனக்குப் படிக்க சுலபமாக இருந்தது.

ஜட்கா வண்டி ஒன்று பேசினேன். வண்டிக்கார அண்ணன் எனக்குப் பழக்கம். குதிரையைவிட அவர் வாய் வேகமாக ஓடும். கூரையில் குழாயைக் கட்டி, உள்ளே பாட்டரியை வைத்து, ஊரைச் சுற்றினோம். ஓடுகிற வண்டியில் சொல்லுவது முழுசாக யார் காதிலும் விழாது. முதல் சொல்லும் கடைசிச் சொல்லும் விழும். இது தொழிலில் எல்லாருக்கும் தெரியும். 'பிராஞ்சு' என்று ஆரம்பித்து 'அனைவரும் வருக' என்று முடித்தேன். நடுவில் இருந்ததைக் காற்று கொண்டுபோனது.

முசரவாக்கம் கிராமத்தில் வண்டி நுழைந்ததுமே வித்தியாசம் தெரிந்தது. தறியை விட்டு எழுந்து வாசலுக்கு வந்தார்கள். ஒரு அம்மா, கையில் பட்டு இழை ஒட்டிக்கொண்டு இருக்க, வண்டியை நிறுத்தினாள்.

"ஏம்பா, பிராஞ்சு பத்தியா சொல்லிக்கினு போற?"

"ஆமாம்மா."

"நெசமாத்தானா?"

"எழுதிக் குடுத்திருக்காங்கமா."

"யாரு வேணா வரலாமா?"

"எல்லாரும் வரலாம். ஞாயித்துக்கிழமை ஆறு மணிக்கு."

அவள் திரும்பித் தெருவைப் பார்த்து, "கேட்டுக்கினீங்களா" என்றாள். தெரு தலையை ஆட்டியது.

வண்டி நகர்ந்ததும் அண்ணன் கேட்டார். "இன்னாபா இது. சாமி ஊர்வலம்னா கூட இப்படிக் கேக்கமாட்டாங்களே."

"தெரியலைண்ணா."

ஞாயிற்றுக்கிழமை தெரிந்தது. ஐந்து மணிக்கே ஹால் நிறைந்துவிட்டது. முசரவாக்கம், மாகறல், வாலாஜாபாத் பக்கம், எங்கிருந்தெல்லாமோ வந்திருந்தார்கள். தலை வாரி, துவைத்த துணி கட்டி, கல்யாணத்துக்கு வந்ததுபோல் உட்கார்ந்திருந்தார்கள். பெஞ்சு போதாமல் ஜன்னலில் ஏறிக்கொண்டார்கள். அந்த முசரவாக்கத்து அம்மா முன் வரிசை. நான் மைக்கை நிறுத்தும்போது என்னிடம் சொன்னாள்.

"நல்ல காரியம் பண்ணினபா. டவுனுக்கு நடந்து நடந்து காலு தேஞ்சுபோச்சு. பட்டு வாங்க ஒரு நடை, ஜரிகைக்கு ஒரு நடை. சேலையை எடுத்துக்கினு வந்தா, பார்டர்ல இது சரியில்லை, அது சரியில்லைன்னு திருப்பி அனுப்பறாங்க, அதுக்கு ஒரு நடை. எங்க ஊர்லயே சொசைட்டிக்கு ஒரு பிராஞ்சு தொறந்தா எவ்ளோ நல்லது. எத்தினி வருஷமா கேக்கறோம்."

என் கையில் மைக் ஸ்டாண்டின் திருகாணி இருந்தது. அதை இறுக்கிக்கொண்டே இருந்தேன். கடைசி வரைக்கும் இறுக்கினேன்.

நெசவாளர் சொசைட்டி ஆபீஸ் டவுனில் இருந்தது. அதற்கு ஒரு கிளை வேண்டும் என்று கிராமத்துக்காரர்கள் மனுமேல் மனு கொடுத்துக்கொண்டு இருந்தார்கள். கிளை என்று எவனும் சொல்லமாட்டான். கிளை மரத்தில் இருக்கிறது. சொசைட்டிக்கு இருப்பது பிராஞ்சு.

வண்டிக்கார அண்ணனும் கேட்டுக்கொண்டு நின்றார். என் காதில் சொன்னார். "வாயைத் தொறக்காதபா. கூட்டம் வந்துடுச்சு இல்ல. உனக்கு வேண்டியது அதுதானே."

சார் பாண்டிச்சேரி பஸ்ஸிலிருந்து இறங்கி வந்துகொண்டு இருந்தார். அவரிடம் சொல்லிவிடலாம் என்று வாசலுக்குப் போனேன். அப்போதுதான் கார் வந்து நின்றது. மதாம் இறங்கினார். உயரமான அம்மா, நரைத்த தலை, காட்டன் கவுன். பாண்டிச்சேரியில் வெகுகாலம் இருந்தவர். தமிழ் புரியும். புத்தகத்தில் இருக்கும் தமிழ். சார் அவரைக் கும்பிட்டு உள்ளே அழைத்துப் போனார். சார் ஹாலைப் பார்த்தார். கதவிலேயே நின்றுவிட்டார்.

"தம்பி" என்றார் என்னிடம். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அந்த முகத்தைப் பார்த்து நான் என்ன சொல்ல.

வெள்ளைக்கார அம்மாவைக் கண்டதும் கூட்டம் எழுந்து நின்றது. "பெரிய இடத்துலேர்ந்தே ஆள் வந்தாச்சு. பிராஞ்சு உறுதி" என்று பின்னால் ஒருவர் சொல்வது கேட்டது. யாரோ ஓடிப்போய் ஒரு சாமந்தி மாலை வாங்கி வந்து மதாம் கழுத்தில் போட்டார்கள். மதாம் முகம் சிவந்துபோனது.

சார் மைக்குக்கு வந்தார். கூட்டத்தைப் பார்த்த தைரியத்தில் அன்றைக்கு அவரே கிட்ட வந்து நின்றார்.

"பிராஞ்சு முதல்ல எப்படி உண்டாச்சுன்னு சொல்றேன்" என்றார்.

கூட்டம் முன்னால் சாய்ந்தது.

"ஆரம்பத்தில் பிராஞ்சு ரொம்பச் சின்னது. அப்புறம் அக்கம்பக்கத்து ஊரையெல்லாம் ஒண்ணொண்ணாச் சேத்துக்கிச்சு."

"எங்க ஊரையும் சேத்துக்குங்க சார்" என்றார் ஒருவர். "மாகறலையும்" என்றது இன்னொரு குரல்.

சார் சந்தோஷமாகச் சிரித்தார். ஜனங்கள் கலந்து பேசுவது நல்லது என்று நினைத்திருப்பார். விளக்கை அணைக்கச் சொன்னார். நான் முதல் சிலைடைப் போட்டேன். ராஜாவின் அரண்மனை. ஒரு மைல் நீளத்துக்கு ஜன்னல், முன்னால் தோட்டம், தண்ணீர் பீச்சுகிற தொட்டி.

இருட்டில் முசரவாக்கத்து அம்மா குரல். "இவ்ளோ பெருசு வேணாம் சார். ஒரு ரூம் போதும். பீரோ வெக்க இடம் இருந்தா சரி."

ஹால் முழுக்க, ஆமாம் ஆமாம் என்றது.

சாருக்கு ஏதோ இடித்தது. ஆனால் பேச்சு ஓடிக்கொண்டு இருந்தது. "பிராஞ்சுல அப்ப உழைக்கிறவன் ஒரு பக்கம். உக்காந்து சாப்பிடறவன் ஒரு பக்கம். உழைக்கிறவன் தலையிலதான் வரி."

"எங்கயும் அதே கதைதான்" என்றார் ஒரு பெரியவர்.

"கடைசியில ஜனங்களுக்குப் பொறுக்கலை. ஒண்ணாக் கூடினாங்க. தலைவரா இருந்த ராஜாவைப் பிடிச்சு, தலையை வெட்டிட்டாங்க."

மிஷினுக்குள் ஃபேன் ஓடுவது கேட்டது. யாரோ மெதுவாக, "எந்தப் பிராஞ்சுலபா" என்று கேட்டார்.

"ஆரணி பிராஞ்சா இருக்கும்" என்றார் பக்கத்தில் இருந்தவர். "அங்கதான் தகராறுன்னு சொன்னாங்க."

சார் என்னைப் பார்த்தார். நான் விளக்கைப் போட்டேன். அவர் கிட்டே போய்க் காதில் சொன்னேன். இரண்டே வார்த்தைதான். சொசைட்டி பிராஞ்சு. அவர் வாத்தியார், உடனே புரிந்தது. முன்னால் மதாம் மாலையோடு உட்கார்ந்திருந்தார். பின்னால் ஹால் நிறைந்த ஜனம். பேசாமல் அடுத்த படத்துக்குப் போயிருக்கலாம். மதாமுக்கு அந்த ஊர்ச் சத்தத்தில் ஒன்றும் பிடிபடவில்லை. நானாக இருந்தால் போயிருப்பேன்.

அவர் மைக்கைப் பிடித்தார். முதல் தடவையாகக் கையால் பிடித்தார்.

"நீங்க நினைக்கிற பிராஞ்சு வேற, நான் சொல்ற பிராஞ்சு வேற. நான் சொல்றது கடல் தாண்டி இருக்கிற ஒரு நாடு. சொசைட்டிக்கும் எனக்கும் சம்பந்தம் இல்லை. உங்களை இவ்வளவு தூரம் நடக்க வெச்சுட்டேன். மன்னிக்கணும். போறவங்க போகலாம்."

கசமுசா என்று சத்தம். சிலர் எழுந்தார்கள். டவுன்காரர்கள், வீடு பக்கத்தில் இருப்பவர்கள். என்னைப் பார்த்து ஒருவர், "குழாயைக் கட்டிக்கினு வந்தானே, இவனைச் சொல்லணும்" என்றார். நான் வயரைப் பார்த்தேன்.

கிராமத்துக்காரர்கள் எழுந்திருக்கவில்லை. "பஸ்ஸு எட்டரைக்குத்தான்" என்றார் ஒருவர். "வெளியில போய் இன்னா பண்றது. இங்க ஃபேன் இருக்குது."

முசரவாக்கத்து அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"அது கெடக்கட்டும் சார். ராஜா தலையை வெட்டினாங்கன்னு சொன்னீங்களே. அவரு பொண்டாட்டி இன்னா ஆனா?"

"அவங்களையும்தான்மா."

"அடப்பாவமே. புள்ளைங்க?"

சார் பதில் சொன்னார். அவள் அடுத்ததைக் கேட்டாள். எங்கள் ஊர் ஜனம் உபன்யாசம் கேட்டு வளர்ந்தது. பாதிக் கதையில் விடாது. தலையை வெட்ட ஒரு மிஷின் செய்தார்கள் என்று சார் சொன்னபோது, வாலாஜாபாத்திலிருந்து வந்த ஒரு நெசவாளி, "கையால செய்யற வேலைக்கெல்லாம் மிஷின் கொண்டாந்தா உருப்படாது சார்" என்றார். அன்றைக்குத்தான் முதல்முதலாக அந்த ஹாலில் சிரிப்பைக் கேட்டேன். படம் எல்லாம் போட்டு முடித்தோம். ஒரு படத்தில் மேலே துணி இல்லாமல் ஒரு பெண் ஆற்றில் குளித்துக்கொண்டு இருந்தாள். சார் அவசரமாக, "மாத்துங்க தம்பி" என்றார். "இருக்கட்டும் சார், குளிக்கறப்போ எல்லாரும் அப்படித்தான்" என்று ஒரு பெண் குரல் வந்தது.

எட்டே கால் வரைக்கும் உட்கார்ந்திருந்தார்கள்.

போகும்போது முசரவாக்கத்து அம்மா நேராக மதாமிடம் போனாள். கும்பிட்டாள். சார் சொன்னதையெல்லாம் அவள் காதால் கேட்டவள்தான். ஆனாலும் வெள்ளைக்கார அம்மா, காரில் வந்தவர், கழுத்தில் மாலை வேறு. சொல்லி வைப்பதில் நஷ்டம் இல்லை என்று நினைத்திருப்பாள்.

"அம்மா, எங்க ஊருக்கு ஒரு பிராஞ்சு வேணும். அங்கேர்ந்து இங்க வந்து வந்து போறது கஷ்டமா இருக்குது. நீங்க மனசு வெச்சா எங்க ஊருக்கே வந்துடும்."

மதாம் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "உங்கள் கிராமத்திற்குப் பிராஞ்சு வேண்டுமா?" என்று புத்தகத் தமிழில் கேட்டார்.

"ஆமாம்மா. கட்டாயம் வேணும். ஊரே கேக்குது."

மதாம் சாரைத் திரும்பிப் பார்த்தார். சார் அவரைத் தனியாக ஜன்னல் பக்கம் அழைத்துப் போனார். இரண்டு பேரும் அவர்கள் பாஷையில் பேசினார்கள். எனக்கு ஒரு எழுத்தும் விளங்கவில்லை. சார் கையை ஆட்டி, தறி அடிப்பதுபோல் காட்டி, வாசலைக் காட்டி, என்னையும் காட்டினார். முழுசாகச் சொல்கிறார் என்று தெரிந்தது. முடிந்தது என்று நினைத்துக்கொண்டு நான் குழாயை அவிழ்த்தேன்.

மதாம் சிரித்தார். நின்று, சுவரில் சாய்ந்துகொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். காரில் ஏறும்போதும் சிரித்துக்கொண்டு இருந்தார். மாலையைக் கழற்றவில்லை.

ஜட்காவில் பஸ் ஸ்டாண்டுக்குப் போகும்போது கேட்டேன். "இன்னா சார் சொன்னாங்க?"

"உள்ளதைச் சொல்லிட்டேன் தம்பி. தப்பா வந்த கூட்டம்னு. அவங்க சொல்றாங்க, பாண்டிச்சேரியில சரியா வர்ற கூட்டமே பாதியில எழுந்து போவுதாம். தப்பா வந்து கடைசி வரைக்கும் உக்காந்த கூட்டத்தை இப்பதான் பாக்கறாங்களாம்."

"அப்ப நிறுத்தலையா?"

"நிறுத்தலை. ஆனா இந்த ஹால் வேணாமாம். அந்த அம்மா கேட்டாங்களே, அந்த ஊருக்கே போய்ப் பேசுங்கன்னுட்டாங்க."

வண்டிக்கார அண்ணன் குதிரையைத் தட்டினார். "கேட்டது ஒண்ணு, கெடைச்சது ஒண்ணு. முசரவாக்கத்துல அடிதான் விழும் உங்களுக்கு."

அடி விழவில்லை. அடுத்த மாசம் போனோம். கோயில் பக்கத்தில் ஒரு கொட்டகை. சுவரில் திரைக்குப் பதில் வேட்டி கட்டி, மிஷினை வைத்து, மைக்கை நிறுத்தினேன். ஆறு மணி ஆனது. ஒருத்தரும் வரவில்லை. முகூர்த்த மாசம். தறியை விட்டு எழுந்தால் சேலை முடியாது. தெரு முழுக்கத் தறிச் சத்தம் மட்டும் கேட்டது.

சார் காலிக் கொட்டகையைப் பார்த்தார். முகம் பழையபடி ஆனது. பெட்டியை மூடப் போனார். அந்த அம்மா வீட்டு ஜன்னலிலிருந்தே சத்தம் கொடுத்தாள்.

"ஏன் சார் நிக்கறீங்க. பேசுங்க. கைக்குத்தான் வேலை. காது சும்மாத்தான் இருக்குது."

நான் குழாய் இரண்டையும் அவிழ்த்து, தெருவின் இரண்டு பக்கமும் பார்க்கிற மாதிரி திருப்பிக் கட்டினேன். சார் ஆளில்லாத கொட்டகையில் நின்று பேசினார். படம் யாருக்கும் தெரியாது. அதனால் படத்தையும் வாயாலேயே சொன்னார். ஒரு ராணி நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள், நீலத்தில் உடுத்தியிருக்கிறாள் என்றார். "இன்னா நீலம் சார், மயில்கழுத்தா?" என்று எதிர்வீட்டிலிருந்து கேள்வி வந்தது. சார் வேட்டிக்குக் கிட்டே போய் நன்றாகப் பார்த்துவிட்டு வந்து, ஆமாம் என்றார்.

கொஞ்ச நேரத்தில் அவருக்குப் பிடிபட்டுவிட்டது. சட்டம், ஒப்பந்தம் என்று ஆரம்பித்தால் தறி வேகமாக ஓடும். உடனே அதை முடித்துக்கொள்வார். ராஜாவின் சின்னப் பையனை ஜெயிலில் போட்டார்கள் என்று சொன்னபோது ஒரு தறி நின்றது. அப்புறம் பக்கத்து வீட்டுத் தறி. அப்புறம் தெருவில் ஒரு சத்தமும் இல்லை. சார் என்னைப் பார்த்தார். மைக்கில் மெதுவாகப் பேசினால் போதும் என்று கையால் காட்டினேன். மெதுவாகச் சொன்னார்.